இமோ என்று கூப்பிடுங்கள்

"இமோ, ரெண்டு சூப்புச் சோறு."

"இதோ ஆச்சும்மா. கிம்ச்சி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

பேச்சு அவ்வளவுதான். இரண்டு வருடமாகியும் அது பொரமின் காதை விட்டுப் போகவில்லை. பூசானில் சாப்பாட்டுக் கடைப் பெண்களை எல்லோரும் இமோ, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் கூட வந்த காதலன் தெவுக்குக்கு எதுவும் தோன்றவில்லை. ஆனால் சோறு கேட்ட பொரம் மகள். பதில் சொன்ன மல்சூன் அவளைப் பெற்றவள்.

அன்று மழைக்கு ஒதுங்க அவனாகத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தான். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை. தன் அம்மா ஜிஞ்சுவில் மாமா வீட்டில் சௌகரியமாக இருப்பதாக அவனிடம் பொரம் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். பன்றிக் கொழுப்பு படிந்த ஏப்ரனையும் ரப்பர் பூட்ஸையும் பார்த்ததும், தொண்டை வரை வந்த 'அம்மா' வெளியே வரும்போது 'இமோ' ஆகிவிட்டது. மல்சூன் ஒரு நிமிடம் மகளைப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டாள். அதன்பின் எத்தனையோ முறை போனில் பேசியும் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

பொரமுக்கு ரயில் நிலையத்தில் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும் வேலை. மெட்ரோவில் எந்த எண் வாசலில் வெளியேற வேண்டும், கர்ப்பிணிகளுக்கான இளஞ்சிவப்பு இருக்கையில் ஏன் உட்காரக்கூடாது என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லுவாள். கடைக்காரப் பெண்ணை இமோ என்று கூப்பிடுங்கள், சந்தோஷப்படுவார்கள் என்று சொல்லும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வருடம் அதையெல்லாம் துண்டுப் பிரசுரமாக எழுதித் தரச் சொன்னார்கள். அந்த வரியையும் எழுதித்தான் கொடுத்தாள்.

இலையுதிர் காலத்தில் கல்யாணம். மேடையில் இரண்டு அம்மாக்களும் மெழுகுவத்தி ஏற்றினால்தான் எதுவும் தொடங்கும். தெவுக்கின் அம்மாவுக்கு நீல ஹன்போக் உடை தைத்தாகிவிட்டது. "உங்கம்மாவ நான் மேடையிலதான் முதல்ல பாக்கணுமா?" என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்பான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பாள் பொரம். போனை எடுக்கும்போதெல்லாம் அம்மாவிடம் கேட்க நினைத்ததை விழுங்கிவிடுவாள். எந்த வாயால் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அவன் பழைய ருசியை நினைத்துக்கொண்டு அந்தக் கடைக்கே அழைத்துப் போனான். வேண்டாம் என்பதற்கு அவளிடம் காரணம் இல்லை.

சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அந்தப் பிரசுரம் ஒட்டியிருந்தது. எண்ணெய் படாமலிருக்க மேலே பிளாஸ்டிக் உறை. இமோ என்ற வரியின் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"உன் பேரு போட்டிருக்கே!" என்றவன் உள்ளே திரும்பி, "இமோ, இத எழுதினது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான் தம்பி. நல்லா எழுதும்." மல்சூன் பொரமைப் பார்க்காமலே கிண்ணங்களை வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

தெவுக் தன் கிண்ணத்தைப் பார்த்தான். மேலே பச்சையாக வெங்காயத்தாள். அது பிடிக்காத பொரமின் கிண்ணத்தில் ஒரு துணுக்குகூட இல்லை.

"நீ வேணாம்னு சொல்லவே இல்லையே," என்றான் மெதுவாக. "அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொரமுக்கு முகம் முழுக்கச் சுட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா."

அடுப்படியில் கரண்டி நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் கல்யாணத்துக்கு நீ வந்து மெழுகுவத்தி ஏத்தணும்மா."