வேலிகாத்தான் முள் போட்ட இடம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கே, ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே போட்ட மூங்கில் கம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். தலைக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு கம்பைத் தூக்கிவிட்டால் வண்டி அருவிக்குப் போகும். ஊர்க்காரர்களுக்குக் காசு கிடையாது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனம், விட்டால் போதுமென்று மலையையும் தண்ணீரையும் தேடி அலைந்தது. யாரோ எங்கள் அருவியை வீடியோ எடுத்துப் போட, வண்டிகள் வர ஆரம்பித்தன. என் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நான்கு கூடாரங்கள். வந்து தங்குகிறவர்களுக்கு என் மனைவி சம்பூர்ணம் சமைத்துப் போடுகிறாள்.

இதே இடத்தில்தான் கொரோனா சமயத்தில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தோம். வெளியூர் வண்டி என்றாலே எமன் வருகிற மாதிரி பயம். வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக் காவல். என் முறையன்று என் மகள் பூங்குழலி வந்து நின்றாள். ஆம்பூரில் அவள் வேலை பார்த்த ஷூ கம்பெனியை மூடி, ஹாஸ்டலையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"மாட்டுக் கொட்டாய்லயே இருந்துக்கறேம்பா" என்றாள்.

முந்தின நாள்தான் வெளியூரிலிருந்து வந்த பக்கத்து வீட்டு ஹேமந்தைத் திருப்பி அனுப்பியிருந்தோம். என் பெண்ணை மட்டும் விட்டால் ஊர் காறித் துப்பாதா? முடியாது என்றேன். சம்பூர்ணம் அழுதுகொண்டே கொண்டுவந்த சோற்று டப்பாவை முள்ளுக்கு அடியில் ஒரு குச்சியால் தள்ளினேன். கையால்கூடக் கொடுக்கவில்லை, பாவி நான். அவள் அதைத் தொடாமல் திரும்பி நடந்தாள். கூட வேலை செய்த தபஸ்ஸும் அவளை வாணியம்பாடியில் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் பூங்குழலி அம்மாவோடு போனில் பேசுவதோடு சரி.

இன்று ஒரு வேன் நிறைய கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். முன்சீட்டில் இருந்தவள் பணத்தை நீட்டினாள்.

"நாந்தான் தபஸ்ஸும். பதினோரு பேருக்கு இருக்குது. பன்னெண்டாவது ஆளு உங்க பொண்ணு. வரமாட்டேன்னா, இட்டுனு வந்துட்டேன்."

கம்பைத் தூக்கினேன். வேன் உள்ளே போனது. பூங்குழலி மட்டும் இறங்கி, கம்புக்கு அந்தப் பக்கமே நின்றாள். இளைத்திருந்தாள். கையில் இருபது ரூபாய் நோட்டு.

"ஊர்க்காரங்களுக்குக் காசு இல்லம்மா. உள்ள வா."

"நான் எந்த ஊருப்பா?"

பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. அவள் ஓரமாய் ஒதுங்கி வழிவிட்டாள். காசு கேட்கவும் தோன்றாமல் நான் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். முகம் தெரியாதவர்களெல்லாம் அதற்கடியில் ஒவ்வொரு வண்டியாக உள்ளே போனார்கள். கை கடுத்தது. இறக்கவில்லை.