சாவுப் பாட்டுக்குக் கைதட்டல்

அண்ணன் நிலக்கரிச் சுரங்கத்தில் நசுங்கிச் செத்த வாரம் வெர்லின் எழுதிய பாட்டு அது. மெதுவாகப் பாட வேண்டியது. இசைக்குழுத் தலைவன் ஹார்லிஸ் அதைப் பாஞ்சோ என்கிற தந்திவாத்தியத்தில் விரட்டி வாசித்து, கூட்டத்தை ஆட வைத்துவிட்டான். நாற்பது வருஷமாக வெர்லின் சாப்பிடுவதும் அதில்தான்.

இன்றைக்குக் கென்டக்கி இசைத் திருவிழாவில் அண்ணி டெல்ஃபியா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இதுவரை எந்தக் கச்சேரிக்கும் வராதவள்.

"இன்னிக்கு ஒரு தடவ மெதுவா வாசிடா, ஹார்லிஸ். அண்ணி வந்திருக்காங்க. அவங்க புருஷனப் பத்தின பாட்டு."

"அவனவன் அழறதுக்கா டிக்கெட் வாங்கியிருக்கான்? சரி, மூஞ்சியத் தொங்கப்போடாத. பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது தெரியாத வயசில்லை வெர்லினுக்கு. இருந்தும் நம்பினான்.

பாஞ்சோ தொடங்குகிற வேகம்தான் மற்றவர்களுக்கும். ஹார்லிஸ் வழக்கம்போல விரட்டினான். நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோதே வெர்லினின் கை கிட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மேல் சுரங்கக் கூரை சரிகிற வரியை, மேடைப் பழக்கத்தில், சிரித்துக்கொண்டே பாடினான்.

பாட்டு முடிந்ததும் டெல்ஃபியா மேடையோரம் வந்தாள்.

"அவர் செத்ததுக்கு எல்லாரும் நல்லா ஆடுறாங்க, தம்பி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டம் இன்னொரு தடவை கேட்டுக் கத்தியது. ஹார்லிஸ் திரும்பி அவனைப் பார்த்தான். வெர்லின் சரியென்று தலையாட்டினான்.