நாலு அடிக்கு இறங்கிய மண்

“நிலத்தின் உறுதியே நாட்டின் உறுதி” என்று மயில்வாகனம் முதலாளியின் மண்பரிசோதனை வேனில் மும்மொழிகளிலும் எழுதியிருந்தது. வேனை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும், பிரேக் பிடிக்காது.

தெல்தெனியாவுக்குக் கீழே, நீர்த்தேக்கக் கரை. விடியற்பனியில் லெட்சுமணனும் முனாசும் கணேசும் வடத்தை இழுத்து, அறுபத்து மூன்றரைக் கிலோ சம்மட்டியைக் குழாயின்மேல் தூக்கித் தூக்கி விட்டார்கள். உள்ளங்கை எரிந்தது. முப்பது சென்ரிமீற்றர் குழாய் இறங்க எத்தனை அடியென்று வடம் பிடிப்பவர்கள் கூவுவார்கள், இராஜகுமாரி தாளில் எழுதுவாள். அடி குறைந்தால் மண்ணுக்கு உறுதியில்லை.

“நாலு!”

நாலுக்கே இறங்கிவிட்டது. நீரூறிய இளமணல். பூமி குலுங்கினால் கஞ்சியாகிவிடும்.

மண்சரிவில் தோட்டத்து லயவீடு இழந்த நாற்பது குடும்பங்களுக்கு இங்கேதான் மாடிவீடு கட்டப் போகிறார்கள். பட்டியலில் இராஜகுமாரி பதினோராவது. இடம் பார்க்க வந்த சனம் சுற்றி நின்றது.

முதலாளி தாளைப் பார்த்தார். “நாலா? முன்னால ஒரு ரெண்ட போடு புள்ள.”

“இருவத்திநாலு சத்தம் கேக்கலையே ஐயா.”

“பூமியதிர்ச்சி வந்தா பாத்துக்கலாம்.”

“வந்தப்புறம் பாக்க நாங்க இருக்கணுமே!”

“இவனுங்க கம்பியில போட்ட கோட்டுக்கு மேல தூக்கி அடிக்கிறானுங்க, அதான் சுருக்கா எறங்குது. தள்ளு!”

மேலங்கியைக் கழற்றிவிட்டு வடத்தைப் பிடித்தார். முப்பது வருடத்துக்கு முன் அவரும் வடம் இழுத்தவர்தான். கை இழுத்ததும் வாய் தானாகக் கூவியது: “ஒண்ணு! ரெண்டு! மூணு!”

மூன்றிலேயே குழாய் போய்விட்டது. சனமும் சேர்ந்து எண்ணியிருந்தது.

“மொதலாளி கை நல்ல ராசியான கை” என்றான் முனாஸ்.

“ஒருத்தனுக்கும் வேல இல்ல! நாளைக்கு கெலிஓயாவிலேர்ந்து வேற ஆளுங்க வருவாங்க.”

முனாஸ் அங்கேயே கெலிஓயா ஆட்களின் தலைவன் அரூசைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னான். எல்லாருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தான்.

“வாறோம் முனாஸ் நானா. ஆனா சத்தமா எண்ணித்தான் அடிப்போம்.”

வேலை போனது போனதுதான். வீடும் வரவில்லை. ஆனாலும் தாளில் நாலு நாலாகவே நின்றது. ஓர் ஆள் கையெழுத்துக்கு விட்ட இடத்தில் இராஜகுமாரி போட்டாள். முனாஸ், கணேஸ், பிறகு நாற்பது குடும்பமும். இடம் போதாமல் தாளைத் திருப்பினார்கள்.

லெட்சுமணன் கடைசியாகப் போட்டார். போன வருடம் ஒரு பள்ளிக்கூட மாடிக்கான தாளில், ஒன்பதின் முன்னால் கோடிழுத்துப் பத்தொன்பதாக்கியவர் அவர்.