ஜன்னல் சீட்டு

என் மாமியாருக்கு நாடகம் பிடிக்காது. நான் நடிக்கிறது அதைவிடப் பிடிக்காது. அப்படிப்பட்டவங்க ஒருநாள் ஒத்திகை பாக்க வர்றேன்னாங்க.

போர் நடந்தப்ப எங்க ஊர்ப் பிள்ளைங்களை பஸ்ல ஏத்தி எல்லை தாண்டி அனுப்பினாங்க. போர் ஓய்ஞ்சதும் கூட்டிக்கிறோம்னாங்க. யாரும் கூட்டிக்கல. எங்க குழு வருஷாவருஷம் அதைத்தான் நாடகமாப் போடுது. அத்தை அந்த பஸ்ல போனவங்க, அப்போ ஏழு வயசு. வளர்ந்து பெரியவங்களாகித் திரும்பி வந்தப்ப அவங்க அம்மா உயிரோட இல்ல. நான் நடிக்கிறது அப்படி ஒரு அம்மாவாத்தான்.

ஒத்திகையில பெஞ்சுகளை வரிசையாப் போட்டு பஸ்ஸாக்கி, பிள்ளைங்களை அழவெச்சோம். நான் தரையில விழுந்து புரண்டேன். முடிஞ்சதும் அத்தை, அன்னிக்குப் பிள்ளைங்க யாரும் அழலைன்னு போட்டு உடைச்சாங்க. சுற்றுலான்னு சொல்லித்தான் ஏத்தினாங்களாம். ஜன்னல் சீட்டுக்கு ஒரே அடிதடி, சிரிப்பாம். இயக்குநருக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. பிள்ளைங்க சிரிச்சா சனம் எப்படி அழும்னு அவருக்குக் கவலை. சனம் அழறதுக்காகவா இவங்க நாட்டைவிட்டுப் போனாங்கன்னு நான் எகிறிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்போ அம்மாக்கள் என்ன செஞ்சாங்கன்னு அத்தையைக் கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் சீட்டுக்கு அடிச்சுக்கிட்டிருந்தேன், திரும்பிப் பாக்கவே இல்ல. அதைப் பாக்கத்தானே வந்தேன். நீ இப்படி உருண்டா நான் எதைப் பாக்கறது?"

நான் பிள்ளைங்களைத் திரும்பக் கூப்பிட்டு, ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கோங்க, யாரும் திரும்பிப் பாக்காதீங்கன்னேன்.

நாடகத்தன்னிக்குப் பிள்ளைங்க நல்லா அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பஸ் கிளம்பினா அவங்க பெஞ்சைத் தூக்கிக்கிட்டு, சனத்துக்கு நடுவுல நடந்து, வாசல் வழியா வெளிய போகணும். அது எங்க வழக்கம். நான் மேடை விளிம்புல நின்னேன். அழுதா பிள்ளை பயந்துடும். எந்த அம்மா அழுவா? சிரிச்சுக்கிட்டே கையசைச்சேன். ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல. சொல்லிக்கொடுத்ததே அதுதான், இருந்தாலும் நெஞ்சு வலிச்சுது. கதவு சாத்தியாச்சு. விளக்கை அணைக்கவேண்டிய இயக்குநர் அணைக்கல. நானும் கையை இறக்கல.

முன்வரிசையில அத்தை எழுந்தாங்க. கைப்பையை நாற்காலியில வெச்சாங்க. என்னைப் பாத்துக் கையைத் தூக்கி, சின்னப்பிள்ளை மாதிரி தோளோட சேத்து அசைச்சாங்க.

"போயிட்டு வரேம்மா."

எனக்கு அதுக்கு வசனம் கிடையாது. "பத்திரமாப் போயிட்டு வாடி கண்ணு"ன்னேன்.

மாமியாரை 'வாடி'ன்னு சொல்லிட்டமேன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது.