ஆறாவது ஜோடி

அப்பாவின் கழுத்துப்பட்டியைத் தர்சா மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள். உயிரோடிருந்தவரை அவர் அதை நேராகக் கட்டியதேயில்லை. அமெரிக்கத் தூதராக ஸ்பெயின் அரசவையில் நின்றபோதும், சரிகைக் கோட்டு வேண்டாமென்று, இந்தக் கறுப்புக் கோட்டோடும் கோணல் பட்டியோடும்தான் நின்றார். சற்று யோசித்து, முடிச்சை இடப்பக்கம் இழுத்துவிட்டாள்.

"ஆலைக்காரர் ஹோபார்ட் வந்திருக்காரு," என்றான் தம்பி லூசியன். "கட்சிக்காரங்களே சவப்பெட்டியைத் தூக்கறாங்களாம். கையுறையைக் கொடு, கொடுத்துட்டு வரேன்."

சாவு வீட்டார் கையால் கறுப்புக் கையுறை வாங்கியவர்கள்தான் அந்த ஊரில் பெட்டியைத் தூக்கலாம். ஆறு ஜோடி மேசைமேல் கிடந்தன.

"அந்த ஆளுக்கா?"

"பழசைக் கிளறாதேக்கா. நான் அவர் ஆலையில சம்பளம் வாங்கறவன்."

தர்சாவுக்கு அந்தப் பழசு மறக்கவில்லை. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சட்டத்தை அப்பா செனட்டில் எதிர்த்த வருஷம். தெற்கத்திப் பருத்தியில் ஓடும் ஆலை ஊர் இது. வாசலில் அவரைப்போல வைக்கோல் பொம்மை செய்து கொளுத்தினார்கள். தீப்பந்தம் ஹோபார்ட் கையில் இருந்தது.

"நல்ல வைக்கோலை வீணாக்கறானுங்க," என்றார் அப்பா, ஜன்னலருகே நின்று.

பதவி போயிற்று. பிறகு போர் வந்து அடிமைமுறை ஒழிந்ததும், எல்லோருமே அன்றைக்கு அவர் பக்கம் நின்றதாக ஆகிவிட்டது.

கையுறைகளை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். ஹோபார்ட் கையை நீட்டினார்.

"ஊருக்கே பெருமைம்மா உங்கப்பா."

அவரைக் கடந்து சமையலறைக்குப் போனாள். அங்கே கொல்லர் சைரஸ் நின்றிருந்தார். தெற்கிலிருந்து தப்பி வந்து, இந்த வீட்டு நிலவறையில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்தவர். அவருக்கும் அவரோடு வந்த நான்கு பட்டறை ஆட்களுக்கும் கொடுத்தாள்.

"விரலே நுழையலையே, மிஸ் தர்சா."

"கிழிஞ்சா கிழியட்டும் சைரஸ். போடுங்க."

ஒரு ஜோடி மிஞ்சியது. ஹோபார்ட்டோடு பின்னாலேயே வந்து நின்ற தம்பியிடம் அதை நீட்டினாள்.

"இது உனக்கு."

லூசியன் ஹோபார்ட்டைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அடுப்பில் விறகு சரிந்தது. அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கடைசியில் அதைத் தானே மாட்டிக்கொண்டாள்.

"பொம்பளை பெட்டி தூக்கறதா?" ஹோபார்ட்டின் குரல் உயர்ந்தது. "ஊரே சிரிக்கும்."

"பொம்மையைக் கொளுத்தினப்பவும் சிரிச்சாங்க. எங்களுக்குப் பழக்கம்தான். வழி விடுங்க."

பெட்டி வாசலைத் தாண்டியது. பாதை குறுகல், ஓரமெல்லாம் பனி உருகிய சேறு. ஹோபார்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றார். தர்சா அவரைப் பார்க்கவில்லை. கனம் தோள்வரை இழுத்தது. பிடியை இறுக்கிக்கொண்டாள்.

வேலி திரும்பும் இடத்தில், பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். லூசியனின் வெறுங்கை அவள் கைக்குப் பக்கத்தில் வந்து பெட்டியின் கைப்பிடியைப் பற்றியது. குளிரில் சிவந்திருந்தது.

அவனுக்கு இடம்விட்டு, அவள் தன் விரல்களைச் சற்றே நகர்த்தினாள்.