பச்சைக் கதவுக்கு வழி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கால் நீட்ட இடம் வேண்டுமானால் அந்தப் பையை நகர்த்திக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருந்ததைத் தேடித் தேடி நொந்துபோன ஒரு மாமியாரின் கதையைச் சொல்கிறேன்.

அவளுடைய மாப்பிள்ளை கண்ணாடி வெட்டுகிறவர். ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பில் கோடு கிழித்துத் தட்டினால், கண்ணாடி சொன்ன இடத்தில் பிரியும். குடி முற்றிய பிறகு கை ஆடத் தொடங்கியது. கோடு கோணி, கடை மூலையில் உடைசல் குவிந்தது. மனைவி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மாமியார்தான் விடாமல் நச்சரித்தாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவர் சொன்னார்:

"ஒரே ஒரு தடவை வர்றேன் அத்தை. கூட்டம் நடந்தா உக்கார்றேன். இல்லேன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கூட்டம் அது. மாமியார் போனில் விசாரித்தபோது, "அச்சகத்துக்குப் பின்னாடி, மாடியில, பச்சைக் கதவு" என்று சொல்லிவிட்டு ஒரு குரல் வைத்துவிட்டது.

மூட்டுவலியோடு மாடி ஏறிப் பார்த்தால், அந்த வராந்தாவில் இருந்த மூன்று கதவும் பச்சை. ஒன்றிலும் போர்டு இல்லை.

"பெயிண்ட் மிச்சம் இருந்திருக்கும்," என்றார் மாப்பிள்ளை.

"கைதான் ஆடுது. வாய் மட்டும் கல்லு மாதிரி உறுதியா இருக்கு," என்றாள் மாமியார்.

பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த ஒருவர், குடையோடு ஒரு பெண்மணி, பேப்பருக்குப் பின்னால் ஒரு பெரியவர். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"இங்க ஒரு கூட்டம்..."

"என்ன கூட்டம்?" என்றார் ஹெல்மெட்காரர்.

"சும்மா... கூட்டம்."

"தெரியலையே."

குடைக்காரம்மா கூரையைப் பார்த்தாள். பேப்பர் தாழவில்லை.

முதல் கதவைத் திறந்தால் தையல் வகுப்பு. அடுத்த கதவு பூட்டியிருந்தது. மூன்றாவது கதவைத் திறந்ததும், "கூட்டத்துக்கா? வாங்க, உக்காருங்க," என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமியாருக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, மாடிப்படியை யார் கூட்டுவது என்று குடியிருப்பவர்கள் சண்டை போடும் கூட்டம் அது. அதற்குள் மாமியார் கையைத் தூக்கி ஓட்டும் போட்டிருந்தாள்.

"யாருக்கு அத்தை ஓட்டுப் போட்டீங்க?" என்றார் வெளியே வந்த மாப்பிள்ளை.

"எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். பேசாம வாங்க."

"வந்தோம், பார்த்தோம், இல்ல. போலாமா?" அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கூட்டம் நடத்துறவன் ஒரு சின்ன அட்டையில எழுதித் தொங்கவிட்டா தேய்ஞ்சா போயிடுவான்? என்ன மனுஷங்கப்பா. இதுக்கு நான் படி வேற ஏறணும்."

மாப்பிள்ளை முதல் படியில் கால் வைத்துவிட்டார். இறங்கினால் தெருமுனையில் சாராயக்கடை. மாமியாருக்கும் அது தெரியும். கைப்பிடியைப் பிடித்தபடி அவள் நின்றே விட்டாள். அவளுக்காகத் திரும்பிப் பார்த்தவரின் கண்ணில் அந்தப் பேப்பர் பட்டது.

வந்தபோது இருந்த அதே பக்கம். காற்று இல்லை, விசிறி இல்லை, ஆனால் அதன் ஓரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் அவருக்குத் தெரியும். எத்தனையோ கண்ணாடியை அவரிடமிருந்து பறித்த நடுக்கம் அது.

திரும்பி வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றார்.

"அண்ணே," என்றார், தன் கையை நீட்டி. "எனக்கும் இப்படித்தான். நான் குடிகாரன். விடணும்னு வந்தேன். இப்ப கீழ இறங்கினா நேரா கடைக்குத்தான் போவேன்."

பேப்பர் மெதுவாக மடிந்தது. குடைக்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருப்பா," என்றார் பெரியவர். "இதுதான் கூட்டம். சாவி வெச்சிருக்கிறவர் பஸ்ல வந்துகிட்டு இருக்கார்."

"அப்ப கேட்டதுக்குத் தெரியாதுன்னீங்களே?" என்றாள் மாமியார்.

"வர்றவங்க முகத்தை வெளியில காட்டக் கூடாதும்மா. அதான் போர்டும் இல்ல. கேக்குறவங்க யாருன்னு தெரியாம நாங்க எதுவும் சொல்றதில்ல," என்றார் ஹெல்மெட்காரர்.

"நல்லா ஒளிஞ்சீங்க. தேவைப்பட்டவனே கண்டுபிடிக்க முடியாம திரும்பிப் போயிருப்பான்."

ஹெல்மெட்காரர் தலையைச் சொறிந்தார்.

சாவிக்காரர் மூச்சு வாங்க வந்து, பூட்டியிருந்த அந்தக் கதவைத் திறந்தார். வீட்டார் உள்ளே வரக்கூடாதாம். மாப்பிள்ளை போகும்போது, தான் தூக்கி வந்த அவளுடைய பையைக் கொடுத்து, "நீங்க கிளம்புங்க அத்தை, நானே வந்துடுவேன்," என்றார்.

"மூட்டு ஒத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிப் பெஞ்சில் சாய்ந்தாள். இனி இறங்கவும் வேண்டுமே என்ற கடுப்பு இன்னும் அடங்கவில்லை.

படியில் காலடி கேட்டது. நன்றாகச் சட்டை போட்ட ஒருவர் ஏறி வந்தார். எல்லாப் பச்சைக் கதவுகளையும் பார்த்துத் திகைத்தார்.

"இங்க... ஒரு கூட்டம்..."

"படி கூட்டுறதுக்கா, குடி விடறதுக்கா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பின்னதுதான் என்று தலையசைத்தார்.

"நடுக் கதவு. செருப்பு கழட்ட வேண்டாம், போங்க," என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் எதைத் தேடிக் கிளம்பினாலும் தட்டிய கதவு திறக்கட்டும். சாயங்காலம் எல்லாருடைய செருப்பும் உங்கள் வாசலில் ஒன்றாகக் கிடக்கட்டும்.