அக்காவுக்கு வந்த போன்

அக்காவுக்குக் காதல் வந்துவிட்டது என்றுதான் சின்னவள் முடிவு கட்டியிருந்தாள். பின்னே என்ன? சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரு போன் வரும். அதுவரை தாடையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவள் துள்ளி எழுந்து, கதவைச் சாத்திவிட்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். அங்கே குசுகுசுவென்று பேச்சு நடக்கும். திரும்பி வரும்போது முகத்தில் அப்படியொரு தெளிவு. வாய் நிறையக் கம்பியை வைத்துக்கொண்டு ஒருத்தி அப்படிச் சிரிக்கிறாள் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் பல்லுக்குக் கிளிப் போட்டார்கள். பல் மருத்துவக் கல்லூரியில் போட்டால் செலவு குறைவு என்று யாரோ சொன்னார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு மகள்கள் இருவரையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே தடவையா முடிச்சு விட்டுடுங்க டாக்டர்" என்றாள், துணி தைக்கக் கொடுப்பவள் மாதிரி. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே அலமாரியில் ஆளுக்குப் பாதி.

கிளிப் போட்டவள் மேல்படிப்புப் படிக்கும் இளம் டாக்டரம்மா. சிரித்த முகம், மெத்தென்ற கை. ஏதோ ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டாள். வேனை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு வந்த கவலையில் அம்மா நின்றபடியே போட்டுக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்க அவளுக்கு ஏது நேரம்?

வீடு வந்து சேரும்வரை ஒன்றும் தெரியவில்லை. இருட்டியதும் ஆரம்பித்தது வலி. பாலில் ஊறிய ரொட்டியைக்கூட மெல்ல முடியவில்லை. கடைசிப் பல்லில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனை சின்னவளின் கன்னத்தை உள்ளே கீறிக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம் என்றால் பல்லைக் கடிக்கவே முடியாத வலி.

வலியைவிடப் பயம்தான் பெரிது. மறுநாள் நாக்கால் முன்பல்லைத் தள்ளிப் பார்த்தாள், ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆடியது. எல்லாப் பல்லும் கொட்டிப்போய், பொக்கை வாயோடு கல்லூரியில் சேரப்போகிறோம் என்று நிச்சயமாக நம்பினாள். யாரிடம் போய்ச் சொல்வது? கிளிப் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளே அவள்தான். அம்மாவிடம் வாயைத் திறந்தால், "நீதானேடி கேட்டே?" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவாள். அதனால் கேட்டவர்களிடமெல்லாம் பரவாயில்லை என்றாள். படுத்தபிறகு சுவர்ப் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் அழுதாள்.

இந்த லட்சணத்தில் அக்காவின் காதலுக்குக் காவல் வேறு. "எங்கடி அவ?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "மொட்டை மாடியில துணி எடுக்கப் போயிருக்காம்மா" என்று கூசாமல் புளுகினாள். காய்ந்த துணி ஏற்கெனவே மடித்து நாற்காலியில் இருக்கும். அம்மா அதைப் பார்ப்பதற்குள் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். தன் வாய் எரிந்தாலும் அக்காவாவது சந்தோஷமாக இருக்கட்டுமே என்று உண்மையாகவே நினைத்தாள். அவ்வளவு நல்ல பிள்ளை, அவ்வளவு முட்டாள்.

ஒருநாள் அக்கா குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. திரையில் பெயர் இல்லை, வெறும் நட்சத்திரக் குறிதான். வருங்கால மாமா ஏமாந்துபோகக் கூடாதே என்று சின்னவள் எடுத்தாள். அக்கா குளிக்கிறாள், கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லத் தொண்டையைச் செருமினாள். அதற்குள் மறுமுனையில் ஒரு பெண்குரல் பேச ஆரம்பித்துவிட்டது.

"என்னம்மா, இன்னிக்கு வலி எப்படி இருக்கு? கம்பி குத்தற எடத்துல மெழுகு உருட்டி வைக்கச் சொன்னேனே, வச்சியா?"

டாக்டரம்மா! சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ம்" என்று மட்டும் சொல்ல வந்தது.

"பல்லு ஆடுதுன்னு அழுதியே, அந்தப் பயம் போச்சா? ஆடத்தான்மா செய்யும். நகந்தாத்தானே நேராகும்? ஒண்ணும் ஆகாது."

"ஒரு பல்லுகூட விழாதா?"

"முந்தாநாள் கேட்டதையே திரும்பக் கேக்கறியே!" டாக்டரம்மா சிரித்தாள். "விழாது. நிம்மதியாத் தூங்கு. ஜில்லுனு தண்ணி குடி, வலிக்கு இதமா இருக்கும். அப்புறம், தங்கச்சிகிட்ட இதப்பத்தி மூச்சு விடலையே? அவளுக்குத் தெரியவே கூடாது, என்ன?"

போன் வைக்கப்பட்டது. சின்னவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பல் விழாது. இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் அந்த ஒரு பேச்சில் இறங்கிப்போனது. அப்பாடா என்று மூச்சுவிட்டாள். அடுத்த மூச்சில் ஆத்திரம் வந்தது. இவ்வளவுதானா விஷயம்? இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? முந்தாநாளே இது அக்காவுக்குத் தெரியும்! எழுந்துபோய் அலமாரியில் அக்காவின் பாதியைக் கலைத்தாள். துணிகளுக்கு அடியில் மெழுகு டப்பா இருந்தது.

தலையில் துண்டோடு வந்த பெரியவள் டப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் காதலன் கூப்பிட்டாங்க" என்றாள் சின்னவள். "மெழுகு வச்சியான்னு கேட்டாங்க."

"கத்தாதடி. அம்மா காதுல விழப்போகுது."

"விழட்டும். என்ன நடக்குது இங்க?"

பெரியவள் விழுங்கி விழுங்கிச் சொன்னாள். "போன்ல பேசித் தைரியம் சொன்னா வலியும் பயமும் கொறையுதான்னு பாக்கறாங்களாம். பாதிப் பேருக்குப் பேசுவாங்க, பாதிப் பேருக்குப் பேச மாட்டாங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல எனக்கு விழுந்துச்சு, உனக்கு விழல. உன்கிட்ட சொன்னா அவங்க கணக்கு கெட்டுடுமாம்."

"டாக்டர விடு. அவங்க யாரோ. நீ ஏன் சொல்லல?"

"சொன்னா எனக்குப் பேசறத நிறுத்திடுவாங்களோன்னு பயந்துட்டேன். எனக்கும் வலிச்சுதுடி." அவள் கண் கலங்கியது. "உனக்கு இவ்வளவு வலின்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? நீதான் பரவாயில்ல, பரவாயில்லன்னியே. படுத்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உனக்கே தெரியும்ல?"

அது வாஸ்தவம்தான். தலைமாட்டில் இடி விழுந்தாலும் எழாதவள் என்று பெரியவளுக்கு வீட்டில் பேர். சின்னவள் அந்த ஒரு சமாதானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தெரியாமல் செய்தாள், தெரிந்தால் செய்திருக்க மாட்டாள். அதையும் நம்பாவிட்டால் இனி அந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பது? மெழுகில் ஒரு துணுக்கு கிள்ளிக் கம்பி முனையில் வைத்தாள். குத்துவது உடனே நின்றது. அதை நினைத்துத்தான் அன்றைக்கு அதிகமாக அழுகை வந்தது.

கோபமெல்லாம் டாக்டரம்மா பக்கம் திரும்பியது. மறுபரிசோதனைக்குப் போகும்போது வேனிலேயே தீர்மானித்துவிட்டாள். பட்ட வலியில் ஒரு பொட்டுக்கூட அவளுடைய கணக்குக்குக் கிடைக்கக் கூடாது.

அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். டாக்டரம்மா விளக்கை இழுத்துச் சின்னவளின் முகத்துக்கு நேராக வைத்தாள். "முதல் வாரம் வலி எப்படி இருந்துச்சு? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்ஜியம், தாங்கவே முடியலைன்னா பத்து. ஒரு நம்பர் சொல்லும்மா."

"பூஜ்ஜியம்."

டாக்டரம்மா கன்னத்தை விலக்கிப் பார்த்தாள். உள்ளே புண் வெளுத்துப்போய்க் கிடந்தது. "இவ்வளவு பெரிய புண்ணு. வலிக்கவே இல்லையா?"

"இல்ல."

"பயம்?"

"அதுவும் பூஜ்ஜியம்."

பக்கத்து நாற்காலியில் பெரியவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். "பொய் சொல்றா டாக்டர்! எட்டுன்னு எழுதுங்க. ரெண்டாம் நாள் ஒம்போதே இருக்கும். தலையணையக் கடிக்கவும் முடியாம வாயில அமுக்கிக்கிட்டு அழுதா. விடியற வரைக்கும் ஒவ்வொரு பல்லா விரல வச்சு ஆட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா. பாவம் டாக்டர் அவ, மருந்து ஏதாவது குடுங்க."

அவ்வளவு பாசமாகத்தான் சொன்னாள். தங்கைக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு.

சின்னவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அப்படியென்றால் அக்கா தூங்கவே இல்லை. பக்கத்திலேயே படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, விடியும்வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மெழுகு அலமாரியில்தான் இருந்தது.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதம்மா எழுதட்டும்?"

"அவ சொல்றதையே எழுதுங்க டாக்டர்" என்றாள் சின்னவள். "எனக்குத் தெரிஞ்சதவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கு. முழிச்சிருந்து பாத்திருக்கா."

பெரியவள் அப்போதுதான் வாயை மூடினாள். "ஏய், இங்க பாருடி" என்று கையை நீட்டினாள். சின்னவள் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா குனிந்து எட்டு என்று எழுதினாள்.